பொவண்டோவில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஏப்ரல் 13, 2025

தமிழ்நாட்டுக் குளிர்பானமான பொவண்டோவைப் பற்றிய கேள்வி இது. பெங்களூரில் வளர்ந்து, வேலைக்காக மதுரைக்கு வந்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆபீசில் எல்லாரும் பொவண்டோ பொவண்டோ என்கிறார்கள். வாங்கிக் குடித்தேன். திராட்சை எசன்ஸ் விட்ட இருமல் மருந்து மாதிரி இருந்தது. சின்ன வயசு ஞாபகம், நம்ம ஊர் சரக்கு என்ற பாசம், இந்த இரண்டையும் கழித்துவிட்டால் இதில் மிச்சம் என்ன?"

நிறைய இருக்கிறது. நான் அருப்புக்கோட்டைக்காரன். அப்பா முப்பது வருடம் பெட்டிக்கடை நடத்தினார், இப்போது அண்ணன் பார்க்கிறார். கலர் (எங்கள் ஊரில் குளிர்பானத்துக்குப் பெயர்) பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நான். எனக்குப் பாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ருசியை மட்டும் வைத்தே இதற்குப் பதில் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். எப்படிக் குடித்தீர்கள்? பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து, மீட்டிங் முடியும்வரை மேசையில் வைத்திருந்து, பேப்பர் கப்பில் ஊற்றியா?

அதே நாள் இரவு

பதில் வந்துவிட்டது. பேப்பர் கப்பேதான். யாரோ பிரிவு உபசார விழாவாம், கேக் சாப்பிட்ட பிறகு குடித்தாராம். வாயெல்லாம் க்ரீம் இனிப்பு இருக்கும்போது, கேஸ் இறங்கிப்போன கலரை வெதுவெதுப்பாகக் குடித்தால் எந்தக் கலரும் இருமல் மருந்துதான்.

சரி, தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. பொவண்டோ தயாரிக்கும் காளிமார்க் கம்பெனி 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கியது. பொவண்டோ வந்தது 1950களின் கடைசியில். "கோக் கிடைக்காத காலத்தில் வேறு வழியில்லாமல் குடித்துப் பழகிவிட்டார்கள்" என்று சிலர் சொல்வது தவறு. பொவண்டோ வந்தபோது கோக் இந்தியாவில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனது 1977இல். தம்ஸ் அப் வந்ததும் அரசாங்கமே 'டபுள் செவன்' என்று ஒரு கோலா விட்டதும் அந்தச் சமயத்தில்தான். அதற்குள் பொவண்டோ எங்கள் பக்கத்துக் கடைகளில் இருபது வருடம் ஓடியிருந்தது. 1993இல் கோக் திரும்பி வந்து தம்ஸ் அப்பையும் கோல்ட் ஸ்பாட்டையும் விலைக்கு வாங்கியது. கோல்ட் ஸ்பாட் பிறகு கடைகளில் இல்லாமலே போனது. பொவண்டோ இருக்கிறது. பாசம் மட்டும் வைத்து ஒரு சரக்கு இத்தனை வருடம் கடையில் நிற்காது. விற்காத பாட்டிலை எந்தக் கடைக்காரரும் இரண்டாவது முறை இறக்க மாட்டார்.

ஏப்ரல் 14

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1916இல் அந்த ஊருக்கு விருதுநகர் என்று பெயர் இல்லை, விருதுபட்டி. 1923இல்தான் விருதுநகர் ஆனது. காமராசர் பிறந்தது 1903இல், ஆக கம்பெனி தொடங்கியபோது அவர் அதே ஊரில் 13 வயசுப் பையன். அந்த வயதில் அவர் சோடா குடித்தாரா இல்லையா என்பதெல்லாம் நான் சொல்வதற்கில்லை, ஆனால் அந்தக் கடைவீதியை அப்படி நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 16

'கலர்' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். கோலி சோடா, பாட்டில் சோடா எல்லாம் வெள்ளை. இனிப்பும் நிறமும் சேர்த்தது கலர். "ஒரு கலர் உடைங்க அண்ணாச்சி" என்றால் மூடியைத் திறந்து கையில் கொடுக்க வேண்டும். 'திற' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உடைப்பதுதான்.

எங்கள் கடையில் 1994வரை ஃப்ரிட்ஜ் கிடையாது. பார் ஐஸ் காலையில் சைக்கிளில் வரும். மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி, கடைக்குப் பின்னால் வைத்திருப்பார் அப்பா. பத்து மணிக்கு ஒரு துண்டை உடைத்துத் தகரத்தொட்டித் தண்ணீரில் போட்டு, அதற்குள் பாட்டில்களைக் கழுத்துவரை இறக்குவார். "கூலிங்கா, சாதாவா?" என்று கேட்பார். கூலிங்குக்கு நாலணா கூட.

பாட்டிலை எடுத்ததும் தோளில் கிடக்கும் துண்டால் கழுத்திலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் துடைப்பார். பிறகு வாய் விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றுவார், கண்ணாடி சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க. ஓப்பனர் கடைத்தூணில் சணல் கயிற்றில் தொங்கும். மூடி 'டப்' என்று கழன்றதும் பாட்டிலின் கழுத்தில் மெல்லிய புகை மாதிரி ஒன்று எழும். அது அடங்குவதற்குள் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட வேண்டும். அந்த இரண்டு விநாடிதான் வியாபாரம் என்பார்.

மூடிகள் எங்களுக்கு. கல்லில் வைத்துத் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்து இழுத்தால் 'விர்ர்' என்று சுற்றும்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கலர் வாங்க ஓடுவது நான்தான். "ஒரு கலராவது குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று அம்மா மறித்துக்கொண்டு நிற்பார். நல்ல விருந்தாளி பாட்டிலின் அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பார். வாங்கி வந்த பையனுக்கு அது.

ஏப்ரல் 17

"நான் சொன்னது இதைத்தானே, எல்லாமே ஞாபகம்தான்" என்று வாசகர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். நேற்று ருசியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இனி ருசி.

ஏப்ரல் 20

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போனேன், இதற்காகவே.

எண்ணெய் பரோட்டா தெரியுமா? கல்லில் சுடுவதில்லை, எண்ணெயில் முக்கிப் பொரிப்பது. மேல் அடுக்கு முறுக்கு மாதிரி நொறுங்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊற வைத்துச் சாப்பிட வேண்டும். நாலு பரோட்டா முடிந்ததும் உதட்டில், அண்ணத்தில், பல்லிடுக்கில் எல்லாம் எண்ணெய்ப் படலம். மிளகுக் காரம் தொண்டையில் நிற்கும். தண்ணீர் குடித்தால் எண்ணெய் இறுகுமே ஒழிய இறங்காது.

அப்போது ஒரு கூலிங் பொவண்டோ. முதல் மடக்கில் சுர்ரென்று நாக்கைக் கிள்ளும், புளிப்பு எண்ணெயைக் கரைத்துக்கொண்டு போகும், இனிப்பு காரத்தை அமர்த்தும், கடைசியில் மூக்குக்குப் பின்னால் அந்தத் திராட்சை வாசம். மூன்றாவது மடக்கில் ஒரு ஏப்பம். வயிறு இடம் விட்ட மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு ஐந்தாவது பரோட்டாவைப் பற்றி யோசிக்கலாம்.

இது காரமும் எண்ணெயுமாகச் சாப்பிடுகிற ஊரில், வெயிலில் நின்று குடிப்பதற்கென்று உண்டான பானம். கேக்கோடு வைத்துச் சோதித்தது சரியான சோதனை இல்லை.

ஏப்ரல் 21

மச்சான் போன் செய்து சொன்னது: "நீ சொன்ன எல்லாத்தையும் எந்தக் கோலாவும் செய்யும்." யோசித்தால் சரி. கேஸ், புளிப்பு, குளிர்ச்சி மூன்றும் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அப்படியானால் வித்தியாசம் அந்த மூக்குக்குப் பின்னால் வரும் வாசத்தில் மட்டும்தானா?

மே 4

சோதனை செய்துவிட்டோம். அருப்புக்கோட்டை வீட்டில், மதியம் பிரியாணிக்கு அப்புறம். பொவண்டோ, இரண்டு பெரிய கம்பெனி கோலா. மூன்றையும் ஒரே ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்திருந்தோம். அண்ணன் மகள், 11 வயது, பொறுப்பெடுத்துக்கொண்டாள். எவர்சில்வர் டம்ளர்களின் அடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள், ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு. எங்கள் கண்ணில் துண்டைக் கட்டினாள். குடித்தவர்கள் நான்கு பேர்: அண்ணன், மதினி, மச்சான், நான்.

முதல் சுற்று: நான்கு பேரும் பொவண்டோவைச் சரியாகச் சொன்னோம். மதினி குடிக்கவே இல்லை, டம்ளர் கிட்டே வந்ததுமே சொல்லிவிட்டார்.

இரண்டாவது சுற்று: மூக்கைப் பிடித்துக்கொண்டு. அண்ணனும் நானும் தவறு. மச்சான் தவறு. மதினி மட்டும் சரி, அதுவும் குருட்டாம்போக்கில் சொன்னதாக அவரே ஒத்துக்கொண்டார். முப்பது வருடக் கடைக்காரர் வீட்டில் மூன்று பேருக்குத் தெரியவில்லை.

மச்சான் சொன்னது பாதி சரி. நாக்கு மட்டும் என்றால் எல்லாம் ஒன்றுதான். மூக்கைத் திறந்தால் இது தனி.

அப்புறம் எது பிடித்தது என்று கேட்டாள் குழந்தை. மூன்று பேர் பொவண்டோ. மச்சானுக்குக் கோலா. அவர் வளர்ந்தது வடக்கே, அப்பா ரயில்வேயில்.

மே 5

நேற்றைய சோதனையில் ஓட்டை இருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த வாசனை எது என்று முன்பே தெரியும். தெரிந்த வாசனையை அடையாளம் கண்டுபிடித்து, கண்டுபிடித்த சந்தோஷத்தில் "இதுதான் பிடிச்சது" என்று சொல்லியிருக்கலாம். பாசம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

குழந்தைக்கும் கொடுத்துப் பார்த்திருக்கலாம். கொடுத்தோம், இன்று காலையில். பொவண்டோ என்றாள். ஆனால் அவளும் அதே கடை வாசலில்தான் வளர்கிறாள்.

மே 11

கண்ணாடி பாட்டிலா, பிளாஸ்டிக்கா? நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடி பாட்டிலில் குடித்தால்தான் ருசி என்று நானும் முதலில் எழுத நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் கேஸில் இருக்கிறது. பெட் (PET) எனப்படும் பாட்டில் பிளாஸ்டிக் வழியாகக் கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும், கண்ணாடி வழியாகக் கசியாது. பாட்டில் சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கும் அளவுக்குப் பரப்பு அதிகம், அதனால் சின்ன பெட் பாட்டிலில் இழப்பும் சீக்கிரம். ஆகவே பிளாஸ்டிக்கில் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள், புதுசாக எடுங்கள். வெயில் விழும் இடத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்ட பாட்டில் வேண்டாம்.

அடுத்தது குளிர்ச்சி. 30 டிகிரித் தண்ணீரில் கரையும் கரியமில வாயு 0 டிகிரியில் கரைவதில் பாதிக்கும் குறைவு. மே மாத மதுரையில் வெளியே வைத்த பாட்டிலை உடைத்தால் கேஸெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்து கையை நனைத்துவிட்டுப் போய்விடும். மிச்சம் சர்க்கரைத் தண்ணீர். ஐஸ் கட்டி போட்டு ஊற்றுவதும் உதவாது. கட்டியின் சொரசொரப்பில் குமிழிகள் மொத்தமாகப் பிறந்து நுரையாகப் பொங்கிவிடும். பாட்டிலையே குளிர வைக்க வேண்டும், ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. இதைச் சரியாகச் செய்தார்.

மே 12

அந்தச் 'சுர்'ருக்கு ஒரு சேர்க்கை. குமிழி வெடிப்பதால்தான் நாக்கில் கிள்ளுகிறது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். நாக்கில் இருக்கும் ஒரு என்சைம் கரியமில வாயுவை அமிலமாக மாற்றுகிறது, நாக்கு உணர்வது அந்த அமிலத்தை. உயரமான மலைகளுக்குப் போகிறவர்கள் தலைசுற்றாமல் இருக்க ஒரு மாத்திரை போடுவார்கள். அது இந்த என்சைமை மட்டுப்படுத்தும். அதைப் போட்டுக்கொண்டு பீரோ சோடாவோ குடித்தால் சப்பென்று இருக்கும், குமிழி அப்படியே இருந்தும். பாட்டில் நிறையக் கேஸ் இருந்தும் நாக்குக்குத் தெரியாமல் போகலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மே 18

வாசனைக்குத் திரும்புவோம். பொவண்டோவில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையின் வாசம் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்து வருகிறேன். கருநீல நிறம், கொஞ்சம் புளிப்பு, விதையுள்ள பழம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு கிலோ வாங்கி வந்து, பழத்தை ஒரு தட்டிலும் பொவண்டோவை ஒரு டம்ளரிலும் வைத்து மாறி மாறி முகர்ந்தேன்.

ஒன்று இல்லை. பன்னீர் திராட்சையில் ரோஜாப்பூ சாயல் இருக்கிறது, அந்தப் பெயரே அதனால்தானோ என்னவோ. அது மஸ்கட் என்ற திராட்சை வகைப் பழம். பொவண்டோவில் வருவது அதைவிடக் கனமான, கொஞ்சம் ஜாம் மாதிரியான வாசம். இத்தனை வருடம் தவறாக நினைத்திருக்கிறேன்.

ஜூன் 29

இதற்கு விடை கொண்டு வந்தது கேள்வி கேட்டவரேதான். ஊருக்குப் போய்விட்டு ஒரு பை நிறைய பெங்களூர் ப்ளூ திராட்சை எடுத்து வந்தார். மதுரையில் ஒரு டீக்கடையில் முதல் தடவையாக நேரில் சந்தித்தோம். பையைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாசம்! அப்படியே என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு உறவுக்காரன்.

பெங்களூர் ப்ளூ, அமெரிக்கத் திராட்சைக் குடும்பத்தின் ரத்தம் கலந்த பழம். அந்தக் குடும்பத்துப் பழங்களில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் இருக்கும். திராட்சை மிட்டாய், திராட்சை ஜெல்லி, திராட்சைக் கலர் என்று உலகம் முழுவதும் 'திராட்சை வாசம்' என்று அறியப்படுவது பெரும்பாலும் அதுதான். பொவண்டோவில் என்ன சேர்க்கிறார்கள் என்பது கம்பெனியின் விஷயம். நான் சொல்வது என் மூக்கு சொன்னதை.

ஆக, பெங்களூர்க்காரருக்குச் சின்ன வயதில் வீட்டுக் கொடியில் பறித்துத் தின்ற வாசம், எனக்குப் பெட்டிக்கடை வாசம். "எங்க அஜ்ஜி (பாட்டி) வீட்டுக் கொல்லையில் இருந்தது" என்று சொல்லிவிட்டு ஒரு பழத்தை நசுக்கி ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டிருந்தார்.

ஜூன் 30

இதே பேச்சில் பன்னீர் சோடாவும் வந்தது. பாலில் செய்யும் பனீர் என்று நினைத்து ஒருவர் பயந்தே போயிருக்கிறார். இது ரோஜாப் பன்னீர். தலைவலிக்கும் பித்தத்துக்கும் நல்லது என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் வாங்கிக் குடிப்பார்கள்.

கோலி பாட்டில் ஆங்கிலேயர் ஹைராம் காட் 1872இல் காப்புரிமை வாங்கிய வடிவம். கழுத்தில் ரப்பர் வளையம், உள்ளே கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் கேஸ் ஏற்றி நிறுத்துவார்கள், உள்ளே இருக்கும் அழுத்தமே கோலியை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடி தேவையில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் 'கீச்' என்று ஒரு சத்தம், கோலி கீழே விழும். குடிக்கும்போது கோலி திரும்ப வாயை அடைக்காமல் இருக்கத்தான் கழுத்தில் அந்த இரண்டு பள்ளம். பள்ளம் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்க்க வேண்டும். இது தெரியாமல் மல்லுக்கட்டுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஜூலை 13

'நம்ம ஊர்' பாசத்தைக் கழித்துவிடுங்கள் என்றுதான் கேள்வி. மூன்று மாதமாக நானும் கழித்துக்கொண்டே வருகிறேன். ஆனால் 2017ஐப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாக இருக்காது.

அந்த ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். மெரினாவிலும் தமுக்கத்திலும் உட்கார்ந்த பிள்ளைகள் அந்நிய பானம் வேண்டாம் என்றார்கள். மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. தாமிரபரணித் தண்ணீர் வழக்கும் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொடுக்க இருந்த இடைக்காலத் தடையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மார்ச் 2 அன்று நீக்கியது.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி கடைசியிலேயே அண்ணன் இருந்த கோலா சரக்கைத் தீர்த்துவிட்டார். பொவண்டோ கேட்டு ஆள் வருகிறது, சரக்கு இல்லை. பத்து பெட்டி கேட்டால் மூன்று வரும். வரும்போதே பாதிப் பேர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். காலேஜ் பிள்ளைகள் பாட்டிலோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதுவரை தாத்தா கலர் என்று ஒதுக்கியவர்கள்.

ஆறேழு மாதத்தில் பழையபடி எல்லாக் கலரும் கடைக்கு வந்துவிட்டது. இது என்னை அப்போது ரொம்பவே வருத்தியது. பாசத்தால் வந்த கூட்டம் பாசம் குறைந்ததும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது அண்ணனிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்கிறார்: "வந்ததுல எல்லாரும் போயிடலப்பா. கொஞ்சம் பேர் நின்னுட்டாங்க. அந்தப் பயலுகதான் இப்பக் கல்யாணத்துக்குப் பெட்டி கேட்டு வாரானுக." பாசத்தில் வந்தவர்களில் சிலரை ருசி பிடித்துவைத்துக்கொண்டது. இதை அண்ணன் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

ஜூலை 14

பாசத்தையும் ருசியையும் பிரித்தே தீர வேண்டும் என்று ஆரம்பத்தில் அவ்வளவு உறுதியாக எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். தன் ஊரில், தன் மொழி பேசுகிறவர் தயாரித்து, தன் கடைத்தெருவில் விற்பது என்பதற்காக ஒருவர் ஒரு கலரைக் கூடுதலாக விரும்பினால் அதைக் கழிக்க வேண்டிய அவசியம் என்ன? பெங்களூர்க்காரர் அந்தத் திராட்சையை முகர்ந்தபோது அஜ்ஜி வீட்டைக் கழித்துவிட்டா முகர்ந்தார்?

ஆகஸ்ட் 3

சர்க்கரையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கோபமாக ஒருவர். நியாயமான கோபம்.

இந்த வகைக் கலர்களில் பொதுவாக 100 மில்லிக்கு 10 கிராம் சுற்றி இருக்கும். 200 மில்லி பாட்டில் என்றால் 20 கிராம், நாலைந்து டீஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பாட்டிலிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. உள்ளூர்க் கலர் என்பதால் உள்ளூர்ச் சர்க்கரை உடம்புக்குச் சலுகை காட்டாது.

அம்மாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு கறிச் சாப்பாட்டுக்கு அப்புறம், டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் கொடுப்போம். கேஸ் இருக்கும்போதே மூன்று மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். தினமும் பெரிய பாட்டில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். கலர் என்பது ஒரு பாட்டில், ஒரு ஆள், ஒரு வேளை. விருந்துக்கு உரியது. தாகத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, மோர் இருக்கிறது.

செப்டம்பர் 23

ஜிஎஸ்டி குறைந்தது, கலர் விலை குறையுமா என்று நேற்றிலிருந்து கடையில் கேட்கிறார்களாம். குறையாது. 2017 ஜூலையிலிருந்து 28 சதவீதம் வரி, அதன் மேல் 12 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. இப்போது செஸ்ஸை எடுத்துவிட்டு வரியையே 40 ஆக்கிவிட்டார்கள். கூட்டினால் அதே கணக்கு. சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் சோடாவுக்குத்தான் 18லிருந்து 5க்கு இறங்கியிருக்கிறது. உலகம் முழுக்க விற்கும் கம்பெனிக்கும் நாலு மாவட்டத்தில் விற்கும் சோடா கம்பெனிக்கும் ஒரே 40 என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023இல் காம்பா கோலா 10 ரூபாய்க்கு வந்த பிறகு சின்னக் கம்பெனிகளுக்கு மூச்சு விட இடம் குறைவு. டொரினோ மாதிரி ஒரு காலத்தில் ஊரே குடித்த பெயர்களை இப்போது கடை கடையாகத் தேட வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 21

தீபாவளி நேற்று. பெங்களூர்க்காரர் ஊருக்குப் போகவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். அருப்புக்கோட்டைக்கு வரச் சொன்னேன், வந்தார்.

மதியம் மட்டன் குழம்பு, கோலா உருண்டை, எலும்பு ரசம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார், "தம்பிக்கு ஒரு கலர் வாங்கிட்டு வாங்கடா." அண்ணன் மகள் ஓடினாள். கடையில் ஒரே ஒரு பெட்டி கண்ணாடி பாட்டில் இருந்தது. அண்ணன் அதைக் காலையிலேயே பழைய தகரத்தொட்டியில் ஐஸ் தண்ணீர் விட்டு இறக்கி வைத்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை.

டப் என்று உடைத்து, துடைத்து, புகை அடங்குவதற்குள் அவர் கையில் கொடுத்தார். மனிதர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணைச் சுருக்கினார். இரண்டாவது மடக்கு, மூன்றாவது. ஏப்பம் வந்தது. அம்மாவைப் பார்த்துக் கூச்சப்பட்டார். அம்மாவுக்கு அதில் பரம திருப்தி.

"இன்னும் கொஞ்சம் இருமல் மருந்து மாதிரிதான் இருக்கு," என்றார் என்னிடம். "ஆனா இந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேற எதையும் குடிக்கத் தோணாது."

பாட்டிலைக் கீழே வைத்தபோது பார்த்தேன். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. குழந்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள்.